வரிசையின் கடைசியில் நின்ற தீ

ஆனி மாசக் காத்து தெருப்புழுதியை வாரி மூஞ்சியில அடிச்சுக்கிட்டு இருந்த ஒரு காலையில, எங்க செந்தட்டிப்புதூர் மெயின் ரோட்டுல, பஸ் ஸ்டாண்டுப் பக்கமா இருந்து ஒரு தீ நடந்து வந்துச்சு. முழங்கால் ஒசரம் இருக்கும். ரோட்டுக்கு இடது ஓரமாவே வந்துச்சு, பால் வண்டிக்கு ஒதுங்கி வழி விட்டுச்சு, ஓரத்துல மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்த இடம் வந்ததும், சேலையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டுச் சேத்தைத் தாண்டுற பொம்பளை மாதிரி தன்னைச் சுருக்கிக்கிட்டுத் தாண்டிச்சு, அப்படியே வந்து தீயணைப்பு நிலையத்து வாசல்ல நின்னுச்சு. நிலையத்துக்கு எதுத்தாப்புல இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவ நான், பேரு கோமு, கண்ணு ரெண்டும் நல்லாத் தெரியும், பொய் சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை.

அந்த நேரம் நிலையத்துக்குள்ள காலை வரிசை நடந்துக்கிட்டு இருந்துச்சு. காக்கிச் சட்டைக்காரங்க வரிசையா நிக்க, நிலைய அலுவலர் தளவாய் சார் ஒவ்வொரு பேரா வாசிக்க, அவங்க ஒவ்வொருத்தரா "உள்ளேன் ஐயா"ன்னு சொல்ல, இந்தத் தீ மெதுவா கேட்டைத் தாண்டி உள்ள போயி, வரிசையோட கடைசியில, டிரைவர் மிக்கேலுக்கு அடுத்தாப்புல நின்னுச்சு. மிக்கேல் திரும்பிப் பாத்து, "கொஞ்சம் தள்ளி நில்லு, பேன்ட்டு கருகிரும்"னாரு. அது தள்ளி நின்னுச்சு.

தளவாய் சார் அதைப் பாத்தாரு, கையில இருந்த பேர் நோட்டைப் பாத்தாரு, அப்புறம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைப் பாத்தாரு. கூப்பிடாம போயி அணைக்க அவங்களுக்கு விதி கெடையாது, யாராவது போன் பண்ணணும். "கோமு, ஒரு போன் அடி"ன்னு சத்தம் குடுத்தாரு. நானும் அடிச்சு, "சார், ஒங்க வீட்டுக்குள்ளேயே தீ நிக்கி"ன்னு சொன்னேன். மணி அடிச்சுச்சு, வண்டி கொட்டகையை விட்டு நாலடி முன்னால வந்துச்சு, மிக்கேல் குழாயைப் பிடிச்சாரு, தீ தலையைக் குனிஞ்சுச்சு, தண்ணி விழுந்துச்சு. கொஞ்சம் ஆவி கெளம்பி வேப்ப மரத்துக்குள்ள போச்சு. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு, ஆனா ஊரே கை தட்டுனதுல நானும் தட்டிட்டேன்.

ஏன் கை தட்டுனோம்னு கேப்பீங்க. அந்த வாரந்தான் சென்னையில இருந்து ரூபாவதி மேடம் வந்து டிராவலர்ஸ் பங்களாவுல தங்கியிருந்தாங்க. அரசாங்க வேலை எல்லாத்தையும் அளந்து பாக்குற அதிகாரி. ஆஸ்பத்திரின்னா எத்தனை நோயாளி, பள்ளிக்கூடம்னா எத்தனை பாஸு, பஸ்ஸுன்னா கிலோமீட்டருக்கு எம்புட்டு வசூல், அம்புட்டையும் ஆகுற செலவால வகுத்து, எந்த இடம் தேறும் எந்த இடம் தேறாதுன்னு சொல்லுவாங்க. கெட்டவங்கன்னு நான் சொல்லமாட்டேன். வெயில்ல வந்து நின்னா கூட வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்துட்டுத்தான் தான் குடிப்பாங்க. ஆனா கையில ஒரு கணக்கு இருந்துச்சு, அந்தக் கணக்குல எங்க நிலையம் பூஜ்யம்.

"தளவாய் சார், வருசம் ஒண்ணு ஆகப்போகுது. நீங்க ஒரு தீயைக்கூட அணைக்கலை"ன்னாங்க.

"பிடிக்கலை மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன். இத்தனை பேர் சம்பளம், வண்டி, டீசல் எல்லாம் போகுது. பலன் எங்க?"

"பிடிக்காததுதான் மேடம் பலன்."

"பிடிக்காததை நான் எப்படி சார் எண்ணுவேன்?"

தளவாய் சார் பிடரியைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு. இஸ்திரித் துணி குடுக்கப் போன நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். நியாயமான கேள்விதான அது.

பிடிக்காம இருந்ததுக்குக் காரணம் எங்க ஊருக்கே தெரியும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தளவாய் சார் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு ஊரைச் சுத்தக் கெளம்பிருவாரு. கரண்டு கம்பிக்குக் கீழ வைக்கப்படப்பு இருந்தா நகத்தச் சொல்லுவாரு, பருத்திக் குடோனுக்குள்ள பீடி வாடை அடிச்சா வாட்ச்மேனை வாய் கிழிய ஏசுவாரு, எவ வீட்டு அடுப்படியில கேஸ் குழாய் வெடிப்பு விட்டிருந்தாலும் எட்டிப் பாத்து, "இதை வச்சுக்கிட்டா தாயி தோசை சுடுத?"ம்பாரு. கடைசியா ஊர்க்கோடித் தீப்பெட்டி ஆபீஸுக்கு, அதான் தீக்குச்சி செய்யுற பட்டறைக்கு, போவாரு. அங்க தினமும் ஒரே சண்டைதான். பின்வாசலை அடைச்சு பண்டல் அடுக்கி வச்சிருப்பாங்க, அதை எடுக்க வைப்பாரு. முற்றத்துல கழிவுக் குச்சியைக் குவிச்சிருப்பாங்க, அதை அள்ள வைப்பாரு. என் மக வடிவு அங்கதான் குச்சி அடுக்குறா. இவரு ஏசுற சத்தம் காத்துல வந்து காதுல விழுந்தாத்தான் எனக்கு ராத்திரிச் சோறு எறங்கும்.

நிலையம் போச்சுன்னா வண்டி டவுனுக்குப் போயிரும். டவுன்ல இருந்து வண்டி வந்து சேருறதுக்குள்ள தீப்பெட்டி ஆபீஸோட சாம்பலைக்கூட காத்து அள்ளிக்கிட்டுப் போயிருக்கும். வடிவோட அப்பன் போனதுக்கு அப்புறம் எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்தி. அதனால அந்தத் தீ வந்து நின்னப்போ, எங்களுக்காக அணையுறதுக்குன்னே யாரோ அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு. யாரு அனுப்புனா, எங்க இருந்து வருதுன்னு யாரும் விசாரிக்கலை. வேண்டி நிக்கிற நேரத்துல வந்தவங்க கிட்ட ஊரு பேரு கேக்குற பழக்கம் எங்களுக்குக் கெடையாது.

மறுநா காலையிலயும் வந்துச்சு, அதே ஓரமா, அதே வரிசைக் கடைசிக்கு. அதுக்கு மறுநாளும். போன் அடிக்கிறதை நான் ஒருத்தியே பாத்தா மத்தவங்களுக்கு வருத்தம் வருமேன்னு தெருவுக்கு ஒரு நாள்னு முறை வச்சுக்கிட்டாங்க. முறைக்காரத் தெருவுல யாரு அடிக்கிறதுன்னு ஒரு போட்டி, புதுசா கல்யாணம் ஆன ஜோடின்னா அவங்களுக்கு முதல் உரிமை, தலை குளிச்சு பூ வச்சுக்கிட்டு வந்து, "சார், தீ"ன்னு வெக்கப்பட்டுக்கிட்டே சொல்லுவாங்க. தண்ணி விழுறதுக்கு முன்னால டீக்கடைச் செல்லையா அண்ணாச்சி பால் சட்டியைக் கொண்டாந்து காட்டி ஒரு கொதி வாங்கிக்கிடுவாரு, நான் என் இஸ்திரிப் பெட்டிக் கரியைப் பத்தவச்சுக்கிடுவேன், சளி பிடிச்ச பிள்ளைங்களைத் தாய்மாருங்க பக்கத்துல நிறுத்தி நெஞ்சுக்குச் சூடு காட்டுவாங்க. அதுவும் பொறுமையா யாருக்கும் கை சுடாம, எல்லாருக்கும் வேண்டியது கெடைக்கிற வரைக்கும் காத்து நிக்கும். நாங்க அதை "நம்மாளு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சோம். "நம்மாளு வந்தாச்சா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் ஊரு முழிக்கும்.

ரூபாவதி மேடமும் வந்து பாத்தாங்க. நம்மாளு கேட்டுக்குள்ள நுழையும்போது வழியில நின்னவங்க, "சாரி"ன்னு ஒதுங்குனாங்க. சூட்டை அளக்குற கருவியை நீட்டிப் பாத்து, தீக்கு உண்டான சூடு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. மணி அடிச்சதுல இருந்து தண்ணி விழுறது வரைக்கும் ஆகுற நேரத்தைப் பாத்தாங்க, இம்புட்டு வேகமா எந்த ஊர்லயும் போய்ச் சேரலையாம். ஒரு தீக்கு ஆகுற செலவைப் பாத்தாங்க, நாலடிக்கு என்ன டீசல் ஆகும், அதுலயும் நாங்கதான் முதலிடமாம். அவங்களுக்கே சந்தோசம் தாங்கலை. எங்க தெருவுல சர்க்கரைப் பொங்கல் வச்சு மேடத்துக்கு ஒரு தூக்குவாளி நிறைய குடுத்துவிட்டோம்.

ஆனா பாருங்க, முதலிடத்துக்கு வந்தவனை யாரும் சும்மா உக்கார விடமாட்டாங்க. போன தடவையை விட இந்தத் தடவை கூடியிருக்கணும்னு மேலிடத்துல இருந்து சொன்னாங்க. அதனால காலையில ஒரு தடவை அணைச்சதை மத்தியானமும் அணைச்சாங்க. அப்புறம் சாயங்காலமும். நம்மாளு ஒண்ணும் சொல்லலை, நனைஞ்ச இடத்துல இருந்தே மெல்ல எந்திரிச்சு, போயி வரிசைக் கடைசியில நிக்கும். முழங்கால் ஒசரம் இருந்தது கணுக்கால் ஒசரம் ஆச்சு. நெறம் வெளுத்துச்சு. நடக்கும்போது இருமல் மாதிரி பொறி தெறிச்சுச்சு. காக்கிச் சட்டைக்காரங்களுக்கும் மூணு வேளையும் குழாயை விரிக்க, சுருட்ட, தண்ணி நெரப்ப, எழுதன்னு இடுப்பு ஒடிஞ்சுச்சு. சாயங்காலச் சுத்து நின்னு போச்சு. அது நின்னது யாருக்கும் உறைக்கலை. எனக்கு மட்டும் ராத்திரிச் சோறு எறங்கலை, காத்துல அவரு ஏசுற சத்தம் வரலையேன்னு. ஒரு நாள் ரோட்டைத் தாண்டிப் போயி கேட்டேன்.

"சார், தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் போயி நாளாச்சே."

"போவணும் கோமு. மூணாவதை முடிச்சுட்டுப் போவம்னு பாக்கேன், முடிக்கயில இருட்டிருது."

"நம்மாளையும் பாருங்க சார், நோயாளி மாதிரி இருக்கு."

அவரு அதைப் பாக்காம தரையைப் பாத்தாரு. "நிலையம் நிக்கணுமா வேண்டாமா, நீயே சொல்லு"ன்னாரு. நான் திரும்பி வந்து அடுத்த துணியை விரிச்சேன்.

அன்னைக்கு மத்தியானம் ரெண்டாவது தடவை தண்ணி ஊத்தி முடிச்சதும் வண்டியில சொட்டுத் தண்ணி இல்லை. மிக்கேல் வண்டியை எடுத்துக்கிட்டு ஊரணிப் பம்புக்குப் போயிட்டாரு, தளவாய் சாரும் மத்தவங்களும் ஈரக் குழாயை வெயில்ல விரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நம்மாளு ஈரத்துல கெடந்து எந்திரிக்கப் பாக்குது, முடியலை. திரி அளவுதான் இருந்துச்சு. எனக்குப் பொறுக்கலை. போயி ரெண்டு கையையும் குவிச்சு அள்ளிக்கிட்டு வந்து, என் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து காஞ்ச கரிக்கு நடுவுல படுக்க வச்சேன். கை சுடலை. "கொஞ்ச நேரம் கண்ணை மூடு, யாரு கேட்டாலும் நீ இங்க இல்லை"ன்னு மூடியைச் சாத்துனேன்.

அப்பத்தான் ஊர்க்கோடியில கரும்புகை கெளம்புச்சு.

தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்துல குவிஞ்சு கெடந்த கழிவுக் குச்சி வெயில்ல பத்தி, முன்வாசல் பந்தலைப் பிடிச்சு, வாசலையே மறிச்சுக்கிட்டு நின்னுச்சு. பின்வாசல்ல ஆளு ஒசரத்துக்குப் பண்டல். உள்ள இருந்து பொம்பளைப் பிள்ளைங்க சத்தம். நான் எப்படி ஓடுனேன்னு எனக்குத் தெரியாது, இஸ்திரிப் பெட்டி கையிலயே இருந்துச்சு, அம்புட்டுக் கனத்தையும் தூக்கிக்கிட்டுத்தான் ஓடியிருக்கேன். தளவாய் சாரும் ஆளுங்களும் பின்னால ஓடி வாறாங்க, பங்களாவுல இருந்து ரூபாவதி மேடமும் செருப்பில்லாம ஓடி வாறாங்க, வண்டியை மட்டும் காணோம், ஊரணியில கரண்டு இல்லையாம். "வடிவு, வடிவு"ன்னு நான் கத்துறேன். என் சத்தம் எனக்கே கேக்கலை.

கையில இருந்த பெட்டி ஆடுச்சு. மூடியைத் தள்ளிக்கிட்டு நம்மாளு எறங்குச்சு. அந்தக் கரி முழுசும் தின்னு, பழைய மாதிரி முழங்கால் ஒசரம் வந்திருந்துச்சு. ரோட்டுல நடக்குற மாதிரியே இடது ஓரமா நடந்து போயி, பனை ஒசரம் நின்ன அந்தப் பெருந்தீ முன்னால நின்னுச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நின்னுச்சுங்க. என்ன பேசிக்கிட்டுதுங்களோ. கல்யாண வீட்டுல குடிச்சுட்டு ஆடுற தம்பியை அண்ணன்காரன் வந்து தோள்ல கை போட்டுக் கூட்டிக்கிட்டுப் போவானே, அப்படித்தான் நம்மாளு அதைத் திருப்புச்சு. பெருந்தீ ஒரு தடவை பின்னால திரும்பிப் பாத்துட்டு, வாசலை விட்டு எறங்கி, அது கூடவே நடந்துச்சு.

வாசல்ல வழி தெறந்துச்சு. கரி அப்புன மூஞ்சியும் பொசுங்குன புருவமுமா பிள்ளைங்க ஒருத்தி பின்னால ஒருத்தியா வந்தாங்க. கடைசிக்கு முன்னால வந்தவ வடிவு. என்னைப் பாத்து, "அம்மா, சோறு கொண்டாந்தியா?"ன்னு கேட்டா, பயத்துல என்ன பேசுதோம்னே அவளுக்குத் தெரியலை. அவளைக் கட்டிக்கிட்டு ரோட்டுலயே உக்காந்து அழுதேன்.

ரெண்டு தீயும் மெயின் ரோட்டுல போச்சு. எதுக்க வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்னுச்சுங்க, வத்தல் காயுற இடத்துல பெருந்தீயும் தன்னைச் சுருக்கிக்கிட்டுத் தாண்டிச்சு. ஊரே பின்னால நடந்தோம். நிலையத்துக்குள்ள போயி, வேப்ப மரத்தை விட்டுத் தள்ளி, எப்பவும் நிக்கிற இடத்துல நின்னப்போ ரெண்டும் ஒண்ணாக் கலந்துருச்சு, எது நம்மாளு எது மத்ததுன்னு பிரிக்க முடியலை. அந்நேரம் பாத்து மிக்கேல், ஊரணியில கரண்டு வந்து, வண்டி நிறையத் தண்ணியோட வந்து நின்னாரு. தளவாய் சார் குழாயைக் கையில வாங்குனாரு.

ரூபாவதி மேடத்துக்கு மூச்சு வாங்குது. "அடிங்க சார்"ன்னாங்க. "எவ்வளவு பெரிய தீ. இது ஒண்ணை அணைச்சாப் போதும், இந்த நிலையத்தை இனிமே யாரும் தொட முடியாது. நானே எழுதுறேன்." அவங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க, கண்ணுல தண்ணி நின்னுச்சு.

அடிச்சா நிலையம் நிக்கும், நாளைக்கும் வடிவுக்குப் பாதுகாப்பு. ஆனா அவ கை என் கைக்குள்ள சூடா இருக்கு, அந்தச் சூட்டைத் திருப்பிக் குடுத்தது யாரு? "ஊத்தாதீங்க சார்"னு சொல்லிட்டேன்.

தளவாய் சார் குழாயைப் பிடிச்சபடியே நின்னாரு. அப்ப மிக்கேல் மெதுவாச் சொன்னாரு, "சார், முதல் நாள்ல இருந்து பாக்கேன். அது வேற எங்கயும் நிக்கலை. எனக்கு அடுத்தாப்புலதான் நிக்கி."

தளவாய் சார் வரிசை நிக்கிற இடத்தைப் பாத்தாரு, தீயைப் பாத்தாரு, குழாயைக் கீழ வச்சாரு. "எல்லாரும் வரிசையில நில்லுங்க"ன்னாரு. நின்னாங்க. ஒவ்வொரு பேரா சொன்னாரு, ஒவ்வொருத்தரா "உள்ளேன் ஐயா"ன்னாங்க. மிக்கேல் பேரும் முடிஞ்சுச்சு. அதுக்கு அப்புறம் பேரு இல்லை. தளவாய் சார் தீப் பக்கம் திரும்பி, "நம்மாளு"ன்னாரு.

தீ நிமிந்துச்சு. அது என்ன சொல்லுச்சுன்னு ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, என் காதுல விழுந்தது அடுப்புல முதல் சுள்ளி பத்துற சத்தந்தான், ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு அங்க நின்ன எல்லாருக்கும் புரிஞ்சுச்சு. சொல்லிட்டு, தின்ன ஒண்ணும் இல்லாத அந்த வெறுந்தரையில தன்னால தணிஞ்சு தணிஞ்சு முழங்கால் ஒசரத்துக்கு வந்துச்சு.

"வேலையில சேர வந்திருக்கு மேடம்"னாரு தளவாய் சார். "வந்தவனைத் தினம் தண்ணி ஊத்தி வெரட்டியிருக்கோம், அதுவும் மூணு வேளை."

மேடம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நோட்டை விரிச்சாங்க. அப்புறம், "இன்னைக்கு எத்தனை தீ அணைச்சதா எழுதட்டும்?"னு கேட்டாங்க.

"ஒண்ணும் இல்லை மேடம். எறங்கி வந்துச்சு, தணிஞ்சுச்சு. நாங்க அணைக்கலை."

அவங்க பூஜ்யம்னு எழுதுனாங்க. பொய் எழுதத் தெரியாத பொம்பளை, அவங்களை நான் என்ன குத்தம் சொல்ல.

நிலையத்தை மூடுற உத்தரவு ஆவணி மாசம் வந்துச்சு. வண்டி டவுனுக்குப் போச்சு, தளவாய் சாரும் மிக்கேலும் மத்தவங்களும் பஸ் ஏறுனாங்க. உத்தரவுல நம்மாளு பேரு இல்லை, அதனால அதுக்கு மாறுதலும் இல்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போயி அனுப்பி வச்சுட்டு, காலியான நிலையத்துக்குத் திரும்பி வந்து, தன் இடத்துல நின்னுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அதுவே சுத்தக் கெளம்பிருச்சு. வைக்கப்படப்புக்கு எட்டி நின்னு கம்பியைப் பாக்குது, பருத்திக் குடோன் வாசல்ல வாட்ச்மேன் பீடியை எடுத்தா முன்னால போயி நிக்குது, அவன் பீடியை மடியில வச்சுக்கிடுதான். அடுப்படி அடுப்படியா எட்டிப் பாக்குது. வடிவு தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டுட்டு அது கூடவே நடக்கா. நம்மாளுக்கு ஏசத் தெரியாது, அதனால ஏசுறதை அவ பாத்துக்கிடுதா, நல்லாவே ஏசுதா. சம்பளம்னு ஒண்ணும் கெடையாது, தெருவுக்குத் தெரு அரிசியும் பருப்பும் குடுத்துருதாங்க.

பழகுன கை சும்மா இருக்குமா, போன் அடிக்கிற முறையையும் நாங்க விடலை. தெருவுக்கு ஒரு நாளு, சுத்து முடிஞ்சதும் சென்னைக்கு, ரூபாவதி மேடத்துக்கே அடிப்போம். "மேடம், செந்தட்டிப்புதூர். இன்னைக்கு ஒண்ணும் நடக்கலை." முதல்ல, "அப்படியா, சந்தோசம்"னு வச்சுருவாங்க. போகப் போக, "ஒண்ணுமே நடக்கலையா?"ன்னு திருப்பிக் கேக்க ஆரம்பிச்சாங்க. "ஒண்ணுமே நடக்கலை மேடம்"னு நாங்களும் சொல்லிக்கிட்டே வந்தோம்.

நேத்து எங்க தெரு முறை. சுத்து முடிச்சு வந்த வடிவு, என் வண்டிப் பக்கத்துல நின்னுதான் அடிச்சா. நம்மாளு கீழ உக்காந்து பெட்டிக்குக் கரி கனிய வச்சுக்கிட்டு இருந்துச்சு. "மேடம், செந்தட்டிப்புதூர்ல இருந்து பேசுதேன். இன்னைக்கும் ஒண்ணும் நடக்கலை"ன்னா.

அந்தப் பக்கம் தாள் பொரளுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "யாரு, கோமு மக வடிவா பேசுறது? நல்லா இருக்கியா?"ன்னு கேட்டாங்க.

"ஆமா மேடம். நல்லா இருக்கேன்."

"அப்ப ஒண்ணு"ன்னாங்க ரூபாவதி மேடம். "எழுதிக்கிட்டேன்."